முன்சக்கரத்தில் கேட்ட உரசல் ஒலி: என் அனுபவம்

எங்கள் பழைய காரை மெதுவாக ஓட்டும்போது, இடது முன்சக்கரப் பக்கத்திலிருந்து சீரான இடைவெளியில் 'சர்க், சர்க்' என்று ஓர் உரசல் ஒலி கேட்கத் தொடங்கியது. நியூட்ரலில் உருளவிட்டபோதும் அது நிற்காததால், எஞ்சினை முதலிலேயே விலக்கிவிட முடிந்தது. எங்கள் காரின் 145/70 ஆர்12 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர் என்பதால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று, நான்கு முறை சுழலும். ஒலியும் அதே கணக்கில் வந்தது, அதாவது ஏதோ ஒன்று சுற்றுக்கு ஒரு முறை உரசுகிறது. சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருந்தால் தொடர்ச்சியான முனகலாக இருக்கும், வளைவில் அதன் அளவும் மாறும், எஞ்சினின் விசையை முன்சக்கரத்துக்குக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் என்றால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று அடிக்கும். இங்கே இரண்டும் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டதும் ஒலி மறைந்ததுதான் உருப்படியான துப்பு.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பிரேக் பேடுகளை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடர் பின் ஒன்று துருவேறி இறுகியிருந்தது. அதனால் பேடு சரியாக விலகாமல், டிஸ்க்கின் சற்றே கோணலான பகுதி வரும்போதெல்லாம் அதில் உரசியிருக்கிறது. பின்னை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸைத் தடவி மாட்டினேன் (சாதாரண கிரீஸ் பின்னை மூடும் ரப்பர் உறையை ஊதச் செய்துவிடும்). பேடு போதிய தடிமனோடு இருந்ததால் அதை மாற்றவில்லை. வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைச் சில முறை அழுத்தி, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.