துருவ நட்சத்திரம் தெரியாத கரையில்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரின் வடகடற்கரையில் என் 60 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியால் ஒமேகா சென்டாரியைப் படமெடுத்தேன். தென்வானில் 33 பாகை வரை ஏறும் அழகான நட்சத்திரக் கொத்து அது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்கள் அரிசிமணிபோல் நீண்டிருந்தன.

தொலைநோக்கியைச் சுமந்து, வானத்தோடு சேர்ந்து சுழலும் தாங்கியின் அச்சு, வான துருவத்தை (வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப் புள்ளியை) நோக்கவில்லை என்பதே காரணம். இங்கே துருவ நட்சத்திரம் சுமார் 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பாக் விரிகுடாவின் மூட்டத்தில் அது பெரும்பாலும் கண்ணுக்கே படாது. அதனால் அதை நம்புவதை விட்டேன்.

வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் செல்லும் கோட்டுக்கு) அருகே, உச்சியைக் கடக்கும் ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையின் குறுக்குக் கம்பியில் நிறுத்திக் காத்திருந்தேன். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்தியபின் கிழக்கு வானில் தாழ்வாக உள்ள இன்னொரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் நழுவாமல் நிற்கும்வரை பொறுமை வேண்டும்.

இருந்தும் பாதி இரவில் எல்லாம் கலைந்தது. முக்காலி மணலில் இறங்குவதை வலையேற்ற வந்த மீனவர் ஒருவர்தான் காட்டினார். கால்களுக்கடியில் பலகைத் துண்டுகள் வைத்து மறுபடி சரிசெய்தேன். 60 விநாடிப் படத்தில் நட்சத்திரங்கள் கடுகுபோல் உருண்டையாக விழுந்தன.