‘வெர்சடைல்’ என்ற சொல்லைப் பொருளறிந்து கையாளுவது எப்படி?

வேலை விண்ணப்பங்களிலும் திரை விமர்சனங்களிலும் மிகுதியாகப் புழங்கும் ‘வெர்சடைல்’ என்ற ஆங்கிலப் பெயரடையைப் பலரும் ‘திறமையான’ என்பதற்கு மாற்றாகவே எழுதிவிடுகின்றனர். ஒருவருடைய திறமையின் அளவை அச்சொல் குறிப்பதில்லை. அத்திறமை எத்தனை துறைகளின் பக்கம் திரும்பக்கூடியது என்பதையே குறிக்கிறது. அதன் வேரைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் நீங்கும்.

இலத்தீனில் ‘வெர்தெரே’ என்றால் திருப்புதல்; ‘வெர்சாரே’ என்றால் மீண்டும் மீண்டும் திருப்புதல். இதிலிருந்து பிறந்த ‘வெர்சாத்திலிஸ்’, எளிதில் சுழலக்கூடியது என்று பொருள்படும். ரோம மன்னன் நீரோவின் பொன்மாளிகையில், விருந்தினர் மீது மலர் தூவுவதற்காக மேற்கூரையில் சுழலும் தந்தப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்ததாக எழுதும் ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் இச்சொல்லையே ஆள்கிறார். இன்னொரு வரலாற்றாசிரியரான லிவி, ரோம அரசியல்வாதி மூத்த கேட்டோ எதில் இறங்கினாலும் அதற்கென்றே பிறந்தவர்போல விளங்கினார் என்று புகழும் இடத்தில், அவருடைய அறிவுக்கு இதே சொல்லை அடையாக்குகிறார். 1600ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நிலையற்ற’ என்ற வசைப்பொருளும் இதற்கு இருந்தது. பாராட்டுப் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பிரெஞ்சு மொழியில் இன்றும் இது வசைதான் என்பதால், அம்மொழியில் எழுதும் கடிதத்தில் யாரையும் இச்சொல்லால் புகழாமலிருப்பது நலம்.

இனி, பயன்பாட்டுக்கு வருவோம். கீர்த்தனையையும் கானாப் பாட்டையும் ஒரே தேர்ச்சியோடு பாடுகிறவரை வெர்சடைல் எனலாம். கீர்த்தனை மட்டுமே பாடுகிறவர் எவ்வளவு பெரிய மேதையாயினும் அவருக்கு இச்சொல் பொருந்தாது. பொருள்களுக்கும் இது பொருந்தும்: பொரியல், குருமா, போண்டா என எதற்கும் ஈடுகொடுக்கும் உருளைக்கிழங்கு வெர்சடைல்தான். மாற்றலாகிப் போன ஊரின் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் ஊழியரை ‘அடாப்டபிள்’ என்றும், வேலை நேரத்தில் விட்டுக்கொடுப்பவரை ‘ஃபிளெக்சிபிள்’ என்றும் சொல்வதே பொருத்தம். இவ்விரண்டும் இணங்கிப் போவதைச் சொல்ல, வெர்சடைல் பல வேலைகளில் கைதேர்ந்திருப்பதைச் சொல்கிறது.

எழுதும்போது ‘எந்தெந்த வேலைகளில்?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்; இரண்டு மூன்று விடைகளாவது கிடைக்காவிட்டால் சொல்லை நீக்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் என்றால் விடை கிடைத்தாலும் நீக்கிவிடலாம். கணக்கெழுதுதல், மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை என்று அவ்வேலைகளின் பெயர்களையே எழுதுவது தேர்வாளருக்குக் கூடுதலாகப் பயன்படும்.