தேய்ந்த முட்டியோடு தாயகம்: டர்பன்காரர்களுக்கு டேப் ஒட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, தாத்தா ஆயா பிறந்த வட ஆற்காட்டுப் பக்கம் போகிறவர்கள் திருத்தணியை விடுவதில்லை. அங்கே 365 படி; பழனியில் 693. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பொல்லாதது, முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் கூடுவது அப்போதுதான்.

தோலில் ஒட்டும், இழுத்தால் நீளும் துணிப் பட்டைதான் கைனீசியாலஜி டேப். அது தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவே. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் ‘2019 வழிகாட்டி’யும் இதை அரைமனதாகத்தான் பரிந்துரைக்கிறது. உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, கைத்தடி ஆகியவற்றுக்கே அதில் வலுவான பரிந்துரை. ஆகவே டேப்பை நம்பித் தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் பயணத்துக்குப் போதும். புறப்பட இரண்டு வாரம் முன்பே ஒரு சிறு துண்டைத் தொடையில் ஒட்டி ஒருநாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ இது உங்களுக்கு ஆகாது. முதல் தடவை ஃபிசியோ ஒருவர் ஒட்டிக் காட்டினால் நல்லது.

தோலில் எண்ணெயோ கிரீமோ இருக்கக்கூடாது. அடர்ந்த முடியைக் கத்தரித்துவிடுங்கள். 25 செ.மீ. துண்டு இரண்டு, 15 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி, மூலைகளை வளைவாக்குங்கள். கூர்மூலை உடையில் மாட்டி உரியும். நாற்காலியில் அமர்ந்து முழங்காலை மடக்குங்கள். காலை நீட்டி ஒட்டினால், மடக்கும்போது டேப் தோலைப் பிய்க்கும். முதல் துண்டின் நுனியைச் சில்லுக்குக் கீழே இழுக்காமல் ஒட்டி, உட்பக்கமாகச் சில்லைச் சுற்றித் தொடைக்கு லேசான இழுவையில் கொண்டுபோங்கள். மேல்நுனி 5 செ.மீ.க்கு இழுவையே வேண்டாம். இரண்டாவது துண்டு அதேபோல் வெளிப்பக்கம். சின்னத் துண்டின் நடுவை மட்டும் பாதியளவு இழுத்துச் சில்லுக்குக் கீழே குறுக்காக ஒட்டுங்கள். நுனிகள் தளர்வாகவே இருக்கட்டும். ‘இறுக்கமாக இருந்தால்தானே பிடிக்கும்’ என்று முழுக்க இழுப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வருகிறது. கடைசியில் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்: சூட்டில்தான் பசை பிடிக்கும்.

தமிழ்நாட்டு வெயிலில் வியர்வைதான் எதிரி. மலையேற ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிடுங்கள். பிடித்துக்கொண்டால் மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள்கூட நிற்கும். குளித்தபின் துண்டால் ஒற்றினால் போதும். நுனி கிளம்பினால் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடுங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். தடி நல்ல காலின் பக்கத்துக் கையில். பழனியில் ரோப் காரும் விஞ்சும் உண்டு, திருத்தணியில் மேலே வரை சாலையே இருக்கிறது. வண்டியில் போனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விருந்தில் பந்திக்குத் தரையில் அமரச் சொன்னால் கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். சம்மணமிட்டு எழும் வலிக்கு இந்த டேப் ஈடுகொடுக்காது.

டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை, வழியில் மாற வேண்டும். இத்தனை நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் டேப்பைத் தொடாதீர்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். புண், தோல் தொற்று, சர்க்கரை நோயால் மரத்த கால் இருந்தாலும் ஒட்டக்கூடாது.

கழற்றத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கையால் தோலை அமுக்கி, முடி வளர்ந்த திசையிலேயே மெல்ல உரியுங்கள். அடுத்த டேப்புக்கு முன் தோலுக்கு ஒருநாள் ஓய்வு கொடுங்கள்.