அகல் விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்க: எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) கணிக்கும் முறை

கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் ஏற்றியதும் ஒரு படம் எடுக்கிறோம். பார்த்தால் சுவரெல்லாம் வெளிறி, சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. கேமராவில் கோளாறு இல்லை. எதிரில் இருப்பது இரவா பகலா என்று, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருட்டை இருட்டாகவே விடுவதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கேமராவின் பின்பக்கத் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் மங்கிய படம்கூடத் திரையில் பளிச்சென்று தெரியும். இதை நம்பி ஒரு கார்த்திகைப் படங்கள் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

அப்புறம் எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2, ஷட்டர் (ஒளி பதியும் நேரம்) 1/60 நொடி என்று தொடங்குங்கள். விளக்கை ஒட்டி இருக்கும் முகத்துக்கு இது ஏறக்குறைய சரியாக வரும். லென்ஸ் எஃப் 4 வரைதான் திறக்கும் என்றால் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது) ஐஎஸ்ஓ 6400. நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப் புள்ளிகள், கொஞ்சம் வரட்டும், பரவாயில்லை. அசைந்து கலங்கிய முகத்தைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

இனி ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு எவ்வளவு என்று இடப்பக்கமும் வெளிச்சம் எவ்வளவு என்று வலப்பக்கமும் கேமரா காட்டும் வரைபடம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். இருட்டுக் காட்சியில் மேடு இடப்பக்கம் குவிந்திருப்பதே இயல்பு. அதை நடுவுக்குத் தள்ளாதீர்கள். சுடரின் நடுப்பகுதி வெள்ளையாவதைத் தவிர்ப்பது கடினம், விட்டுவிடலாம். அதைச் சுற்றிய ஆரஞ்சு ஒளியும் அகலின் விளிம்பும் வெளிறாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். விளக்கொளியில் சிவப்பு அதிகம். அதனால் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்புதான் முதலில் வலது ஓரத்தை முட்டும். அந்த ஆரஞ்சு ஒளி வரை முட்டுகிறது என்றால் ஷட்டரை 1/125 ஆக்குங்கள். ஒரு ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் பாதியாகும்.

போனில் எடுப்பவர்கள் விளக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

நேரத்தையும் பாருங்கள். சூரியன் மறைந்து சுமார் 20 நிமிடத்தில் வானத்தின் நீலமும் விளக்கொளியும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். அது வெகுநேரம் நீடிக்காது. அதனால் எண்ணெய், திரி, கோலம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்து வையுங்கள்.