வீடியோவில் சரி, வெப்கேமில் தப்பு: இந்திய சைகை மொழி எழுத்துகள்

இந்திய சைகை மொழியில் கைகளால் காட்டும் ஆங்கில எழுத்துகளைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ஏஐ மாடலைப் பழக்கினேன். பதிவு செய்த வீடியோவில் எழுத்துகளைச் சரியாகச் சொன்ன மாடல், நான் வெப்கேம் முன்னால் உட்கார்ந்ததும் உளற ஆரம்பித்தது. ஸ்பீக்கர் வேறு அந்த உளறலைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன், டேட்டா சேர்த்தேன், மாடலுக்குள் இருக்கும் எல்எஸ்டிஎம் (வரிசையாக வரும் தரவைக் கற்கும் நரம்பு வலை) அடுக்குகளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

விரல்களைக் கோத்துக் காட்டும் டபிள்யூ மட்டும் ஒழுங்காக வந்தது. ஒரு கை அடியில் நிற்க மறு கையின் சுட்டுவிரல் அதன் விரல்நுனிகளைத் தொடும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ எல்லாம் சொதப்பல். அப்புறம் இடக்கைப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் செய்து காட்டினார், அத்தனையும் சரி! விஷயம் அங்கேதான் பிடிபட்டது.

படத்தில் கைகளைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்திய கூகுளின் மீடியாபைப் மென்பொருள் ஒவ்வொரு கைக்கும் 21 புள்ளிகள் தருகிறது, கூடவே இடது, வலது என்ற லேபிளும். நான் எடுத்துக்கொண்ட அதன் பழைய ஹேண்ட்ஸ் மாட்யூல், படம் செல்ஃபி போலக் கண்ணாடி பிம்பமாக வருகிறது என்று வைத்துக்கொண்டே அந்த லேபிளைப் போடும். பயிற்சி வீடியோக்கள் திருப்பப்படாதவை. நேரலைக்கு எடுத்த மாதிரி நிரலிலோ ஆரம்பத்திலேயே ஒரு சிவி2.ஃப்ளிப், அதாவது படத்தை இடவலமாகத் திருப்பும் கட்டளை. கைகள் இடம் மாறி மாடலுக்குள் போயிருக்கின்றன.

ஃப்ளிப் வரியை புள்ளிகளை எடுத்த பிறகு, திரையில் காட்டுவதற்கு முன்னால் நகர்த்தினேன். மாடலைத் தொடவே இல்லை. உயிரெழுத்துகள் ஐந்தும் உடனே வந்துவிட்டன.