யோசனை சரிதான், மாடு வேறு

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தகவல் எட்டுவதில்லை என்பது பாதி உண்மை. கைப்பேசியைத் திறந்தால் மாடு வளர்ப்புக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. தவறு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு.

யாருடைய மாட்டுக்குச் சொன்ன யோசனை என்று பலர் பார்ப்பதே இல்லை. தினம் 25 லிட்டர் கறக்கும் மாட்டுக்கான அடர்தீவன (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) அளவை, 7 லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் திடீரென்று வைத்தால் வயிற்றில் அமிலம்தான் கூடும். அசைபோடுவது குறையும், சாணம் இளகும், பாலும் குறையும். எந்தத் தீவன மாற்றத்தையும் ஒன்றிரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

பணம் அதிகம் வீணாவது சினை ஊசியில். கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று, கிடைக்கும் என்று பாலினம் பிரித்த விந்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஏறத்தாழ 90 சதவீதம் கிடேரி என்பது சரிதான், ஆனால் சினை பிடித்தால்தானே! அந்த விந்தை அடைத்துவரும் குச்சியில் உயிரணுக்கள் சாதாரண விந்தைவிட மிகக் குறைவு. நேரம் தவறினால் மன்னிக்காது. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி போடுவது பழைய கணக்கு. பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், நாட்காட்டியில் போட்ட ஒரு வட்டம் எந்தச் செயலியைவிடவும் உதவும். எருமை சத்தமில்லாமல் பருவத்துக்கு வரும். அதற்கு அந்த வட்டம் இன்னும் அவசியம்.

அந்த அறிகுறியை முதலில் பார்ப்பவர் யார்? பல வீடுகளில் கறப்பதும் தீவனம் வைப்பதும் பெண்கள். பயிற்சிக்குப் போவது ஆண்கள். கேட்டுவந்தது கொட்டகைக்குப் போய்ச் சேர்வதில்லை. கறப்பவரைத்தான் அனுப்ப வேண்டும், கைப்பேசியும் அவர் கையில் இருக்க வேண்டும்.

கறவை இயந்திரம் வாங்குபவர்கள் காம்பில் மாட்டும் ரப்பர் உறைகளை மாற்ற மறந்துவிடுகிறார்கள். வெடித்த உறையும், பால் நின்ற பிறகும் காம்பில் மாட்டிவைப்பதும் மடிநோய்க்கு வழிவிடும்.

மடி வீங்கிய படத்தைக் கைப்பேசிக் குழுவில் போட்டு மருந்துப் பெயர் கேட்பது இன்னும் மோசம். கிருமிக்கொல்லி மருந்து (ஆன்டிபயாடிக்) போட்டால், மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது என்பதை அந்தக் குழுவில் யாரும் சொல்வதில்லை. மருத்துவரையே கூப்பிடுங்கள். கன்று ஈன்ற தேதி, கடைசியாகச் சினை ஊசி போட்ட தேதி, நேற்றும் இன்றும் கறந்த அளவு, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.