நாட்டுக் கடனைப் பற்றி எழுதும் தம்பி தங்கைகளுக்கு: நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

பொருளாதாரம் எழுதப் பழகும் பிள்ளைகள் சிலர் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. அண்மையில் வந்த ஐந்தில் நான்கு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில்தான் தொடங்கின. சீனா கடன் கொடுத்தது, இலங்கையால் கட்ட முடியவில்லை, துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் 2022இல் நாடு வங்குரோத்தானது. வாசிக்க வாசிக்க எனக்கு நெஞ்சு பக்கென்றது. 2018இல் நான் எழுதிய பத்திகளிலும் இதே கதைதான் இருந்தது, அந்தக் கதையை நானே நம்பியதால் என் வீட்டில் ஒருவர் நட்டப்பட்டார்.

மில்லியனையும் பில்லியனையும் மாற்றி எழுதுவது, பழைய கணக்கைப் புதியதென்று போடுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டாம் முறை வாசித்தால் அவை தானாகக் கண்ணில் படும்.

கடன் கொடுத்தது எந்த நாடு என்று மட்டும் பார்ப்பது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

முதலில் துறைமுகம். முதல் கட்டத்துக்குச் சீன அரசின் எக்ஸிம் வங்கி 2007இல் கொடுத்த கடன் 307 மில்லியன் டொலர், வட்டி 6.3 சதவீதம். மலிவான கடன் அல்ல, அதைக் குறை சொல்ல எல்லா நியாயமும் உண்டு. ஆனால் 2017இல் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்துப் பெற்ற 1.12 பில்லியன் டொலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை. அது வெளிநாட்டு ஒதுக்கை, அதாவது நாட்டின் டொலர் கையிருப்பை, தாங்கப் பயன்பட்டது, துறைமுகக் கடன் அரசின் கணக்கில் அப்படியே இருந்தது. அப்படியானால் ஒதுக்கை அரித்துக்கொண்டிருந்தது எது? இந்தக் கேள்வியை நான் 2018இல் கேட்கவேயில்லை.

விடை சர்வதேச இறையாண்மை முறிகள், அதாவது அரசு உலகச் சந்தையில் முதலீட்டாளர்களுக்கு டொலரில் விற்ற கடன் பத்திரங்கள். 2007இல் 500 மில்லியன் டொலருக்கு முதல் முறியை இலங்கை வெளியிட்டது. 2022இல் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியபோது நிலுவையில் இருந்தது ஏறத்தாழ 12.5 பில்லியன். சீனாவின் பங்கு, அரச நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், அரச வெளிநாட்டுக் கடனில் சுமார் ஐந்தில் ஒன்று. முறிகளின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

தொகையைவிடப் பொல்லாதது அவற்றின் தன்மை. உலக வங்கியோ ஜப்பானோ தரும் சலுகைக் கடன் இருபது, முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டுவது. முறி அப்படியல்ல: ஐந்து அல்லது பத்து ஆண்டு வட்டி மட்டும் போகும், பிறகு ஒரே நாளில் முதல்தொகை முழுவதையும் வைக்க வேண்டும். அந்த நாளுக்கு முன் புதிதாக ஒரு முறியை விற்று அந்தக் காசால் பழையதை அடைப்பதுதான் வழக்கம். நாடு கடனைத் திருப்பிக் கட்டுமா என்று மதிப்பிடும் கடன் தரப்படுத்தல் 2020இல் விழுந்ததும் புதிதாக வாங்க ஆளில்லை. அதன்பின் 2020 ஒக்டோபரில் ஒரு பில்லியன், 2021 யூலையில் ஒரு பில்லியன், 2022 சனவரி 18இல் அரை பில்லியன், மூன்றும் கையிருப்பிலிருந்தே போயின. 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன்.

அந்தச் சனவரியில்தான் அக்கா தொலைபேசி எடுத்தார். கிளிநொச்சியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார், தூண்கள் எழும்பிவிட்டன, மேல்தளத்துக்குக் கம்பியும் சீமெந்தும் வாங்கக் காசு கையில் இருந்தது. “தம்பி, இப்பவே சாமானை இறக்குவமா, காசை வங்கியில போட்டு விலை இறங்கும் வரைக்கும் பொறுப்பமா?” என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. “பொறுங்கோ அக்கா, அரை பில்லியன் கட்டியாச்சு. சீனாவும் இந்தியாவும் போட்டி போட்டுக்கொண்டு நிக்கினம், ரெண்டு பேரும் விழ விடமாட்டினம்” என்றேன். அக்கா ஆறு மாத நிலையான வைப்பில் போட்டார்.

மார்ச் 7இல் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது. 203 அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஏப்ரல் 12இல் கடன் கட்டுவது நிறுத்தப்பட்டது. யூலையில் வைப்பு முதிர்ந்தபோது, அக்கா முன்பு விலை கேட்டு எழுதிவைத்திருந்த துண்டில் இருந்த சாமானில் பாதிகூட அந்தக் காசுக்கு வரவில்லை. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் இரண்டு மாரிக்கு நனைந்து செம்மண் நிறமாகின. துரு வழிந்து தூணில் கோடு விழுந்திருந்தது. அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

இந்தியா உதவாமல் இல்லை, அந்த ஆண்டு சுமார் 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது, அது இல்லையென்றால் மருந்துக்கும் எரிபொருளுக்கும் இன்னும் கஷ்டப்பட்டிருப்போம். என் பிழை வேறு: வல்லரசுகளின் போட்டியைக் காப்புறுதி என்று நினைத்துவிட்டேன். கொழும்பில் யார் கை ஓங்குகிறது என்பதைக் கவனித்த அளவுக்கு எந்தத் திகதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. முறிதாரர்கள் எந்தக் கொடியின் கீழும் இல்லை, ஒரு தூதுவரைக் கூப்பிட்டுத் தவணை கேட்கவும் முடியாது. நாடு கடன் கட்டுவதை நிறுத்திய சில வாரங்களில் முறி வைத்திருந்த ஒரு வங்கி நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

உலக அதிகாரம் இடம் மாறுவது கடனில் எங்கே தெரிகிறது என்றால், மறுசீரமைப்பில், அதாவது கட்ட முடியாத கடனின் நிபந்தனைகளைப் பேசி மாற்றுவதில். முன்பெல்லாம் கடன் கொடுத்த நாடுகள் கூடும் பாரிஸ் கழகம் என்ற ஒரே மேசையில் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். இலங்கைக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு. சீன எக்ஸிம் வங்கி அதில் சேராமல் தனியாக. முறிதாரர்கள் இன்னொரு பக்கம். ஒருவருக்குக் கொடுத்த சலுகை தங்களுக்குக் குறைந்துவிடுமோ என்று மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாடுகளுடனான உடன்படிக்கைகள் 2024 யூனில்தான் கையெழுத்தாகின, முறிதாரர்களின் பழைய முறிகளுக்குப் பதில் புதியவை கொடுத்தது அந்த ஆண்டு டிசம்பரில். இரண்டரை ஆண்டுக்கு மேல். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் விலை கொடுத்தது இங்கேயுள்ள சனம். இதை எழுதுங்கள், இதில் எழுத நிறைய இருக்கிறது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் ஐந்து நிரல் கீறுங்கள்: யார் கொடுத்தது, எந்த நாணயம், என்ன வட்டி, எப்போது முதிர்வு, எந்த நாட்டுச் சட்டம். நான் இப்போது இதை நிரப்பாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை.

ஒதுக்கின் மொத்தத் தொகையை அப்படியே நம்புவது

2021 முடிவில் இருந்ததாக மேலே சொன்ன அந்த 3.1 பில்லியனில் ஏறத்தாழ பாதி, சீன மத்திய வங்கியுடன் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் 10 பில்லியன் யுவான் பரிமாற்று ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு ஒதுக்கு இருந்திருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே வந்திருக்காது. அடுத்த மே மாதத்தில் கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியன்கூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சரே சொன்னார். மொத்தத்தைப் பார்த்ததும் “இதில் எடுக்கக்கூடியது எவ்வளவு?” என்று கேளுங்கள்.

டொலரின் காலம் முடிந்தது என்று எழுதுவது

2022இல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற எரிவாயுக் கப்பல்கள் டொலர் வந்த பிறகே சரக்கை இறக்கின.

வரியை மறப்பது

வெளிநாட்டைப் பற்றி எழுதுவது சுவாரசியம், வரியைப் பற்றி எழுதுவது அலுப்பு, அதனால் விட்டுவிடுகிறோம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது, வேறு வரிகளும் அதோடு போயின. அடுத்த ஆண்டு வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டது. தரப்படுத்தல் விழுந்ததற்கும், முறிச் சந்தை கதவைச் சாத்தியதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பீஜிங்கோ வாஷிங்டனோ எடுத்த முடிவு அல்ல இது.

நாணய நிதியத்தை வில்லனாகவோ மீட்பராகவோ காட்டுவது

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடம் இலங்கைக்குக் கிடைத்தது பதினேழாவது கடன் திட்டம். முந்தைய பதினாறையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

2028ஐ விட்டுவிடுவது

கடன் கொடுத்த நாடுகளுக்குக் கட்ட வேண்டிய முதல்தொகை 2027 முடிவு வரைதான் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, அதன்பின் 2043 வரை தவணை. எனக்கு வந்த ஐந்து வரைவுகளில் ஒன்றிலும் 2028 என்ற ஆண்டே இல்லை. ஐந்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன், முதிர்வு நிரலை நிரப்பி மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.